சஜன் மகன் சஜன்

ரத்னபாய் தன் பேரை ஒருபோதும் பாதியில் நிறுத்தமாட்டாள். ஃபோனை எடுத்தாலும் ரத்னபாய் ஈசாக், ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கினாலும் ரத்னபாய் ஈசாக். அப்பன் பேரைப் பின்னால் சேர்த்துக்கொள்வது பாறசாலைப் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் கல்யாணம் கழிந்ததும் பெண்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் புருஷன் பேரை மாட்டிக்கொள்வார்கள். இவள் கழற்றவில்லை. புருஷன் சத்தியதாஸ் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் கேட்டு அந்த வீட்டில் நடந்த காரியம் ஏதாவது உண்டா என்பதும் சந்தேகம்தான்.

அப்பன் ஈசாக், சபைக் கட்டிடத்தின் முன்வாசலைத் தன் கைக்காசில் கட்டிக்கொடுத்தவர். கல்லில் பேர் வெட்டியிருக்கிறது, ஆள் கல்லறையில் இருக்கிறார். அவர் போனபின் ஈசாக் என்கிற பேர் இரண்டு பேருக்குப் பின்னால்தான் தொங்கிக்கொண்டிருந்தது: மகள் ரத்னபாய்க்கு ஒன்று, அவளுடைய தம்பி சஜனுக்கு ஒன்று. முன்னால் நிறுத்த ஆளில்லை. மகன் வழியில் பிறக்கும் முதல் பேரனுக்குத் தாத்தாவின் பேரை இடுவது அங்கே வழக்கம். ரத்னபாய் பெற்ற இரண்டும் பெண்கள், அதுகளுக்குப் பின்னால் சத்தியதாஸ். ஆகவே தம்பிக்கு ஆண்பிள்ளை பிறந்த செய்தி வந்தபோது, பெற்றவள் கண் திறப்பதற்குள் லட்டு வாங்கித் தெருவுக்கெல்லாம் கொடுத்தது ரத்னபாய்தான். இனி பிள்ளைக்கு ஈசாக் என்று பேர் விழவேண்டும். விழுந்துவிட்டால் யார் வயிற்றில் பிறந்தாலும், எந்த வீட்டில் வளர்ந்தாலும் அது ஈசாக்கின் வீட்டுப் பிள்ளை. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காக ஆளைக் கொல்லவும் தயார் என்கிற மாதிரி நடந்துகொண்டாள்.

ஒரே ஒரு இடைஞ்சல். லட்டுத் தின்ற தெருவில் பிள்ளையின் அப்பனைக் காணவில்லை.

சஜன் மஸ்கட்டில் இருப்பதாக ரத்னபாய் சொல்லிவந்தாள். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் சொன்னாள், மீன்காரியிடம் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள். தம்பி கொடுத்துவிட்டதாக வாசனை சோப்பும் பாதாம் டப்பாவும் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கியவர்கள் மரியாதையாக வாங்கிக்கொண்டு, அவள் தலை மறைந்ததும் திருப்பிப் பார்த்தார்கள். விலை ரூபாயில் இருந்தது. சஜன் இருந்தது வெள்ளறடையில். பஸ் ஏறி ஒரு தூக்கம் தூங்குவதற்குள் வந்துவிடும் ஊர். ரப்பர் ஷீட் ஏற்றுகிற பிக்கப் ஓட்டிக்கொண்டு, ஜெஸ்மி என்கிற தையற்கடைக்காரியோடு குடும்பம் நடத்தினான். சந்தையில் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தவர்கள் சபையில் ஒரு வரிசை பெஞ்சுக்கு உண்டு. இதை அறியாதவர்கள் தொட்டிலில் கிடந்த பிள்ளைகளும், தெற்கிருந்து புதிதாக மாற்றலாகி வந்த போதகரும்தான். ஆனாலும் ரத்னபாயின் முகத்துக்கு நேரே எல்லாரும் மஸ்கட் என்றே சொன்னார்கள். அங்கே வெயில் எப்படி என்றும் விசாரித்தார்கள்.

சஜன் போனபோது அவன் பெண்டாட்டி ஷிஜாவின் வயிற்றில் பிள்ளை இருந்தது. அழுதுகொண்டு நாத்தனார் வீட்டுக்குத்தான் முதலில் ஓடினாள். கேட்டைத் திறக்காமலேயே ரத்னபாய் பதில் சொன்னாள்.

"ஆம்பளைய வீட்டுல நிறுத்தத் தெரியாதவளுக்கு என்னத்துக்குட்டி கல்யாணம்?"

ஷிஜா கண்ணைத் துடைத்தாள். திரும்பி நடந்து, காரோட்டில் தன் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அதன்பின் பிள்ளை பிறக்கும்வரை இரண்டு பக்கமும் பேச்சில்லை.

அதனால்தான், பிள்ளைக்கு நம்ம சபையிலேயே ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்று ஷிஜா தானாக ஃபோன் செய்தபோது ரத்னபாய் ஒரு நிமிடம் திகைத்தாள். காரோட்டிலேயே சபை இருக்கிறது, அவள் இங்கே வரவேண்டிய கட்டாயமில்லை. திகைப்பு தெளிந்ததும், வழிக்கு வந்துவிட்டாள் என்று தீர்மானித்தாள். பேர் ஈசாக் என்று அறிவித்தாள், கேட்கவில்லை. உங்க இஷ்டம் போல ஏற்பாடு செய்யுங்க அக்கா என்றாள் ஷிஜா. ஏற்பாடு வேறு, பேர் வேறு என்பது அப்போது ரத்னபாயின் மண்டையில் ஏறவில்லை.

ஏற்பாடு தடபுடலாக நடந்தது. நெய்யாற்றின்கரை பேக்கரியில் மூன்று தட்டுக் கேக், அதன்மேல் நீலக் கிரீமில் ஈசாக். பாலராமபுரத்திலிருந்து தனக்கு ஜரிகைக் கரை போட்ட கசவுச் சேலை. அந்தச் சேலைக்கு அவள் போட்ட கஞ்சியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். மடித்து நிறுத்தினால் ஆள் இல்லாமலேயே நிற்கும். மூன்று மாதம் பேசாதவளின் முன்னால் கசங்கிப்போய் நிற்கக்கூடாதே.

சபையில் ஞானஸ்நான முறை எளிது. பிள்ளையைக் கையில் ஏந்தி நிற்பவரிடம் போதகர் பேர் கேட்பார். அவர் சொல்கிற பேரை வாங்கிப் பிள்ளையின் தலையில் தண்ணீரோடு ஊற்றுவார். ரத்னபாய் இதை முன்கூட்டியே யோசித்து, ஞானத்தாய் நான்தான் என்று சொல்லி, பாட்டு முடிவதற்குள் ஷிஜாவின் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். ஷிஜா கொடுத்தாள்.

பிள்ளைக்கு அந்தக் கை புதிது. அந்தச் சேலை அதைவிடப் புதிது. கஞ்சி போட்ட கசவு கன்னத்தில் உரசியதும் ஒரு வீறல் வீறிட்டது பாருங்கள், பாடகர் குழு அடுத்த அடியை விட்டுவிட்டது. ரத்னபாய் ஆட்டினாள், தட்டினாள், தோளில் போட்டாள். தோளில்தான் கசவு கனம். பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு நீலமாகிற பருவத்துக்கு வந்தபோது போதகர் பொறுமையிழந்து, தாயிடம் கொடுங்கள் என்று சைகை காட்டினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன் என்று சொல்ல முடியுமா. கொடுத்தாள். தாயின் கைக்குப் போனதும் பிள்ளை விக்கி, ஓய்ந்து, போதகரின் கண்ணாடியைப் பார்த்தது.

"இந்தப் பிள்ளைக்குப் பெயரிடுங்கள்."

"சஜன்," என்றாள் ஷிஜா. தெளிவாக, கடைசிப் பெஞ்சுக்கும் கேட்கும்படி.

போதகர் ஒரு கணம் நிதானித்தார். அவருக்கு வேறு பேர் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் தாய்மார் கடைசி நேரத்தில் மனம் மாறுவதை அவர் பல சபைகளில் பார்த்தவர். தண்ணீருக்குக் கை நீட்டினார். கிண்ணத்தை ஏந்தி நின்ற சபைப் பணியாள், கோயில்பிள்ளை ஞானையன், கிண்ணத்தைச் சாய்த்துவிட்டார். பாதித் தண்ணீர் தரையில்.

ஞானையன் தண்ணீரைக் கொட்டியதற்குக் காரணம் உண்டு. அவருடைய பேர் ஞானையன், அப்பன் பேரும் ஞானையன். முன்னாலும் ஞானையன், பின்னாலும் ஞானையன். அவர் தாய் வயிற்றில் இருக்கும்போது அப்பன் பாம்பு கடித்துச் செத்தார். அப்பன் போனபின் பிறக்கிற ஆண்பிள்ளைக்கு மட்டும்தான் அந்தப் பக்கத்துச் சபைகளில் அப்பனின் பேரையே முன்பேராகவும் இடுவார்கள். ஒரு பேர் இரண்டு தரம் வருகிற ஆளைப் பார்த்தால், இவன் அப்பனைக் காணாதவன் என்று ஊர் புரிந்துகொள்ளும். அப்பன் உயிரோடிருக்கும்போது அப்படி ஒருவரும் செய்யமாட்டார்கள். செய்தால் அது அப்பனை அடக்கம் செய்வது. இனி இந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில், ரேஷன் கார்டில், கல்யாணப் பத்திரிகையில், எங்கே போனாலும் சஜன் சஜன்.

தெற்கிருந்து வந்த போதகருக்கு இது தெரியாது. சஜன், உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லி மூன்று தரம் ஊற்றினார். பின்பெஞ்சில் ஒரு கிழவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. ரத்னபாய் கையை முன்னால் நீட்டினபடி நின்றாள். பிள்ளை போனபின்னும் கை இறங்கவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அனுதாபம் தொடங்கியது. சங்கத்தின் செயலாளர் ஜினி முதல் ஆளாக வந்தாள். தலைவி பதவிக்கு ஒருமுறை நின்று ரத்னபாயிடம் தோற்றவள். ரத்னபாயின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வாக்கு சொல்லேலியே அக்கா. எப்ப? மஸ்கட்லயே அடக்கினாங்களா, பாடி வந்துதா?"

"அவன் உயிரோட உண்டு."

"அப்படியா, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அப்ப ஒரு வீடியோ கால் போடுங்க. பிள்ளைக்க விசேஷமில்லியா, அவனும் காணட்டு."

சுற்றி நின்ற பெண்கள் ஃபோன் தெரிகிற தூரத்துக்கு நெருங்கி வந்தார்கள். ரத்னபாய் ஃபோனை எடுத்தாள், பார்த்தாள், அங்கே நெட் கிடைக்காது என்றாள். மஸ்கட்டில் நெட் கிடைக்காதது பற்றி எல்லாரும் வருத்தப்பட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து, உள்ளே நடந்தது ஒன்றும் விளங்காத சத்தியதாஸ் மூன்று தட்டுக் கேக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஷிஜா பிள்ளையோடு வந்து நீலக் கிரீமை வாசித்தாள்.

"இது ஆருக்க கேக்கு?"

"எட்டி," என்றாள் ரத்னபாய். குரல் தாழ்ந்துதான் வந்தது, கேட்டவர்களுக்கு உரக்கக் கேட்டது. "எனக்க தம்பிய உயிரோட குழியில வெச்சியே, நீ நல்லா இருப்பியாட்டி?"

"நான் வெச்ச குழி இல்ல. அவரே இறங்கிப் போன குழியாக்கும். மஸ்கட்டுன்னு மேல மண்ணு போட்டது நீங்க." ஷிஜா பிள்ளையை மறுதோளுக்கு மாற்றினாள். "உயிரோட உண்டெங்கி கூட்டிட்டு வாருங்க. வாற ஞாயிறு இந்த முற்றத்துல வந்து நிக்கட்டு. ஒண்ணும் பேச வேண்டாம், நின்னாப் போதும். அப்ப நான் எனக்க வாயால பிள்ளைய ஈசாக்குன்னு விளிக்கேன். எல்லாரும் கேட்டுக்கிடுங்க."

எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். கேட்கத்தானே நின்றார்கள். கேக்கை யாரும் வெட்டவில்லை. வெயிலில் நீலம் உருகி, ஈசாக்கின் முதல் எழுத்து இரண்டாம் தட்டுக்கு இறங்கியது.

ரத்னபாய் முதலில் போதகரைப் பிடித்தாள். ஞானஸ்நானம் ஒன்றுதான், ஊற்றினதைத் திரும்ப எடுக்க முடியாது என்றார் அவர். அதற்குள் யாரோ அவர் காதில் போட்டிருக்கவேண்டும், பிறகு மெதுவாக, சகோதரர் எப்போது காலமானார் என்று கேட்டார். அவள் குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

மறுநாளே வெள்ளறடைக்குப் பஸ் ஏறினாள். தம்பி போனபின் அவள் அங்கே போவது அதுதான் முதல் தடவை. தையற்கடைக்குப் பின்னால் வீடு. சஜன் பனியனும் கைலியுமாக உட்கார்ந்து கப்பைக் கிழங்கும் மீனும் தின்றுகொண்டிருந்தான். ஆள் ஒரு சுற்றுப் பெருத்திருந்தான். செத்தவனுக்கு இந்த மினுக்கம் ஆகாது என்று அவளுக்கே தோன்றியது.

அக்காவைக் கண்டதும் எழுந்தான். ஜெஸ்மி எழவில்லை, மிஷினை மட்டும் நிறுத்தினாள். வயிறு மேடிட்டு, மிஷின் பலகையில் இடித்துக்கொண்டிருந்தது.

"மஸ்கட்டுக்குப் போற வழியா அக்கா? சாயா இடட்டா?"

மஸ்கட் விஷயம் இங்கேவரை வந்திருக்கிறதே என்று ரத்னபாய்க்கு நெஞ்சு எரிந்தது. அவளைப் பார்க்காமல் தம்பியிடம் நடந்ததைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வந்து முற்றத்தில் நின்றால் போதும் என்றாள். மாலை வேண்டாம், பேச்சு வேண்டாம், ஒரு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றால் போதும். அப்பனுக்க பேரு நிக்கணும் மக்கா என்று கெஞ்சினாள். ரத்னபாய் கெஞ்சுவதை அவன் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. தின்பதை நிறுத்தி யோசித்தான். யோசித்த முகத்தில் ஒரு தெளிவு வந்தது, அது அவள் எதிர்பார்த்த தெளிவில்லை.

"இருக்கட்டு அக்கா," என்றான். "செத்ததாவே இருக்கட்டு. செத்தவன்ட்ட ஆரும் ஒண்ணும் கேக்க வரமாட்டினும். நல்ல காரியமாக்கும் அவ செய்தது."

"எலே, அது ஒனக்க பிள்ளையில்லியா?"

"அவளே இட்டுட்டாளே எனக்க பேரை. பிறகென்ன."

ரத்னபாய் சுவரைப் பார்த்தாள். சுவரில் ஒரு மாதாப் படமும், அளவுப் பட்டையும். கடைசி அம்பாக, கேட்கக்கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டாள். தலையை ஜெஸ்மியின் வயிற்றின் பக்கம் ஆட்டி, அப்ப இதுக்காவது அப்பன் பேரை இடுவியா என்றாள்.

பதில் மிஷின் பக்கத்திலிருந்து வந்தது.

"இதுக்கு எங்கப்பன் பேராக்கும். ததேயூஸ். நான் ஜெஸ்மி ததேயூஸ், பிள்ளை ததேயூஸ் சஜன். நீங்க மட்டுந்தான் அப்பன் பெற்ற மகளா?"

சஜன் மீன்முள்ளை ஓரமாக ஒதுக்கினான். அக்காவின் பக்கம் பார்க்கவில்லை. மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும் வழியில் ரத்னபாயை ஒருத்தி அடையாளம் கண்டு, துட்டிக்கு வந்தியளா என்று சாவு விசாரிக்கிற குரலில் கேட்டதாகச் சொல்கிறார்கள். அவள் நடையைக் கூட்டினாளாம்.

ஞாயிறு வந்தது. முற்றத்தில் வழக்கத்துக்கு மேல் கூட்டம். ஐந்து வருடமாகச் சபைப் பக்கம் எட்டிப் பாராதவர்களும் வந்து தூணுக்குத் தூண் சாய்ந்து நின்றார்கள். சஜன் வரவில்லை. ரத்னபாயும் வரவில்லை, தலைவலி என்று சத்தியதாஸ் வந்து சொன்னார். ஷிஜா பிள்ளையோடு வந்து, ஈசாக்கின் கல்லுக்கு அருகே கொஞ்ச நேரம் நின்று, ஆட்டோ பிடித்துப் போனாள். ஜினி அன்றைக்குச் சங்கக் கூட்டத்தைத் தானே நடத்திவைத்தாள். நன்றாகவே நடத்தினாள் என்று பேச்சு.

அதன்பின் ரத்னபாய் வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். பேர் போயிற்று, பதவி போகிற வழியில் நின்றது. தம்பி இருந்தும் இல்லை. இதையெல்லாம் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாமல் போனது அந்த ஒரு நிமிடம். பிள்ளை வீறிடுவதற்கு முன்னால் அவள் கையில் கிடந்த ஒரு நிமிடத்தில் அவள் ஒரு காதைப் பார்த்திருந்தாள். மேல்விளிம்பு மடங்கி, யாரோ கிள்ளிவிட்டதுபோல. ஈசாக்கின் காது. வேறு யாருக்கும் அது வரவில்லை, சஜனுக்குக்கூட இல்லை. அதை இன்னொரு தரம் பார்க்கவேண்டும் என்று ஆகிவிட்டது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சத்தியதாஸிடம் மட்டும் சொன்னாள், அதனால் எல்லாருக்கும் தெரியும்.

ஒரு சனிக்கிழமை, கஞ்சி போடாத பருத்திச் சேலை கட்டிக்கொண்டு, காரோட்டுக்குப் போனாள். ஷிஜாவின் அம்மா வீட்டுக் கேட் பூட்டியிருந்தது. உள்ளே முற்றத்தில் ஷிஜா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்த்தாள். எழவில்லை.

"பிள்ளைய ஒருக்கா காணணும்," என்றாள் ரத்னபாய்.

"எந்தப் பிள்ளைய?"

"மக்கா," என்று ரத்னபாய் கம்பி வழியாகப் பிள்ளையைப் பார்த்துக் குழைந்தாள். "மக்கா, இஞ்ச பாரு. மாமி வந்திருக்கேன்."

"மக்கான்னு நாயையும் விளிப்பாங்க இந்த ஊர்ல. எனக்க பிள்ளைக்குப் பேரு உண்டு. பேரு சொல்லி விளிங்க, திறக்கேன்."

பக்கத்து வீட்டில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, அது நின்றது. எதிர்வீட்டில் துணி உதறிக்கொண்டிருந்தவள் உதறுவதை நிறுத்தினாள். காரோட்டில் ஒரு பேர் எவ்வளவு தூரம் போகும் என்று ரத்னபாய்க்குத் தெரியும், அவளே எத்தனையோ பேர்களைக் கொண்டுபோனவள். அந்தப் பேரை அவள் வாயால் சொல்லிவிட்டால், மஸ்கட்டும் இல்லை வெள்ளறடையும் இல்லை. ஈசாக்கின் மகளே தம்பியை அடக்கம் செய்துவிட்டாள் என்றாகும். சொல்லாவிட்டால் அந்தக் காது கம்பிக்கு அந்தப் பக்கம்தான் வளரும்.

குடையின் பிடியை இறுக்கிக்கொண்டாள்.

"சஜன்," என்றாள்.

ஷிஜா எழுந்து வந்து பூட்டைத் திறந்தாள். பிள்ளையைக் கையில் கொடுத்தாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை, நாற்காலி போடவில்லை. ரத்னபாய் கேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் நின்றபடி பிள்ளையைத் திருப்பி, காதைப் பார்த்தாள். இன்றைக்குப் பிள்ளை அழவில்லை. திரும்ப வாங்கிக்கொள்ளும்போது ஷிஜா ஒழுங்குமுறையைச் சொன்னாள்.

"சனிக்கிழமை தோறும் வரலாம். ஃபோன் போட்டுச் சொல்ல வேண்டாம், பெல் அடிக்க வேண்டாம். ரோட்டுல நின்னு பேரைச் சொல்லி விளிக்கணும். எனக்குக் காது கொஞ்சம் மந்தமாக்கும். உங்க கேட்டுக்கு வெளிய ரொம்ப நேரம் நின்னேனில்லியா, அப்ப வந்தது."

ரத்னபாய் குடையை விரித்துக்கொண்டு போனாள். இனி வரமாட்டாள் என்று எதிர்வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை எதிர்வீட்டுக்காரி துணியை நேரத்தோடு உதறி முடித்துவிட்டு வாசலில் நின்றாள். அவள் தங்கையும் வந்திருந்தாள். ரத்னபாய் வந்தாள். இரண்டு பேரையும் பார்த்தாள், பார்க்காததுபோலவும் நின்றாள். குடையை மடக்கி, தொண்டையைச் செருமி, சபையில் பாட்டு எடுத்துக்கொடுக்கிற அதே குரலில் விளித்தாள்.

"சஜன்."

"கேக்கேல அக்கா," என்றாள் ஷிஜா உள்ளேயிருந்து.

ரத்னபாய் மூச்சை இழுத்து, இன்னும் உரக்க, இன்னொரு தரம் விளித்தாள்.